வராதே என்று சொல்ல யாருக்கு உரிமை?

ஒவ்வொரு விடுமுறைப் பருவத்துக்கும் இப்போது ஒரு புறக்கணிப்புப் பட்டியல் தயாராகிவிடுகிறது. 2024 ஜனவரியில் மாலத்தீவு. 2025 மே மாதத்தில் துருக்கியும் அஜர்பைஜானும். அதே ஆண்டில் கனடாக்காரர்கள் பெருந்தொகையாக அமெரிக்கப் பயணங்களைக் கைவிட்டார்கள். பட்டியல் வெளியானவுடன் இரண்டு தரப்பினர் தத்தம் வழக்கமான இடங்களில் வந்து நிற்கிறார்கள். விமானச் சீட்டை ரத்து செய்தால் நாட்டின் மானம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று ஒரு தரப்பு நம்புகிறது. பயணம் மனிதர்களை இணைப்பது, அதில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று மறுதரப்பு உபதேசிக்கிறது. கூடவே ஓர் ஏழைப் படகோட்டியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, இவர் வயிற்றில் அடிக்கலாமா என்று கேட்கிறது.

முதல் தரப்பின் கண்ணில் அந்தப் படகோட்டி படுவதே இல்லை. இரண்டாம் தரப்புக்கு அவர் ஒரு கேடயம். இரு தரப்புமே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

சுற்றுலாப் புறக்கணிப்பு சரியா தவறா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை என்று நாங்கள் கருதுகிறோம். புறக்கணிப்பு ஓர் ஆயுதம். அதன் விலையைக் கொடுப்பவர் யார், அதை எடுக்கச் சொன்னவர் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை வரும்போது மட்டுமே அது அறத்தின்பாற்பட்டதாகிறது. விடைகள் வேறுபடும்போது, எவ்வளவு உரத்த முழக்கங்களோடு நடத்தப்பட்டாலும், அது வேறொருவர் செலவில் நாம் கொண்டாடும் கோபம் மட்டுமே.

*

'பாய்காட்' என்ற சொல் ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்கும் தெரிந்ததே. 1880ஆம் ஆண்டு அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தவர் சார்லஸ் பாய்காட். விளைச்சல் பொய்த்த காலத்தில் குத்தகையைக் குறைக்கச் சொல்லிக் குடியானவர்கள் கேட்டார்கள். அவர் வெளியேற்ற ஆணைகளை அனுப்பினார். பிறகு அவர் வயலில் இறங்க ஓர் ஆளும் கிடைக்கவில்லை. கடைக்காரர்கள் சாமான் கொடுக்கவில்லை. அறுவடைக்காக அல்ஸ்டரிலிருந்து ஐம்பது தன்னார்வலர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அந்த ஐம்பது பேரைக் காக்க ஏறத்தாழ ஆயிரம் படைவீரர்கள் நிறுத்தப்பட்டார்கள். விளைச்சலின் மதிப்பைக் காட்டிலும் பல மடங்கு அதைக் காப்பதற்குச் செலவாயிற்று.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்றுண்டு. பாய்காட்டின் வயலில் இறங்க மறுத்தவர்கள் அந்த வயலின் கூலியை நம்பி வாழ்ந்தவர்கள். புறக்கணித்தவர் கைப்பணமே முதலில் போயிற்று. 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாட்கள் அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பினத்தவர் பேருந்தில் ஏறவில்லை. அவர்கள் அத்தனை நாளும் நடந்தார்கள். வேலைக்கும் வீட்டுக்கும், மழையிலும் வெயிலிலும் நடந்தார்கள். புறக்கணிப்பு என்ற சொல்லுக்கு உலக வரலாற்றில் ஒரு கௌரவம் இருக்கிறதென்றால் அது இந்த நடையிலிருந்து வந்தது.

சுற்றுலாப் பயணியை இவர்கள் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாலத்தீவை விலக்கியவர் லட்சத்தீவுக்குப் போகலாம். துருக்கியை விலக்கியவர் கிரேக்கத்துக்குப் போகலாம். இழந்தது என்ன? ஒரு கடற்கரைக்குப் பதில் இன்னொரு கடற்கரை. உலகத்தின் புறக்கணிப்பாளர்களில் ஒன்றையுமே இழக்காதவர் சுற்றுலாப் பயணி ஒருவர்தான். அவருடைய புறக்கணிப்புக்குச் சொந்த முதல் கிடையாது. இழப்பைத் தாங்கப்போகிறவர்கள் தாமாக முன்வந்து கொடுத்தால் ஒழிய, அந்த முதலை அவர் எங்கிருந்தும் பெற முடியாது.

விலை யார் தலையில் விழுகிறது என்ற கேள்வியை நம் நாட்டு இலக்கியம் நூறாண்டுக்கு முன்பே கேட்டுவிட்டது. 1916இல் வெளியான தாகூரின் 'கரே பாய்ரே' நாவலை வாசித்தவர்களுக்கோ, சத்யஜித் ரே 1984இல் எடுத்த படத்தைப் பார்த்தவர்களுக்கோ நிகிலேஷை நினைவிருக்கும். சுதேசி வெறி உச்சத்தில் இருக்கும்போது, தன் ஆளுகைக்குட்பட்ட சந்தையில் அந்நியத் துணியைத் தடைசெய்ய மறுக்கும் ஜமீன்தார் அவர். அவர் தேசத் துரோகி அல்லர். சுதேசித் தொழில்களில் சொந்தப் பணத்தைப் போட்டு இழந்தவர். ஆனால் மலிவான துணியை விற்றுப் பிழைக்கும் ஏழை வியாபாரியின் மூட்டையைக் கொளுத்துவது, கொளுத்துகிறவருக்குச் செலவில்லாத தியாகம் என்பதை அவர் கண்டுகொள்கிறார். மேடையில் முழங்கும் சந்தீப்பால் அது முடியவில்லை. இன்று நம்மிடையே சந்தீப்புகளுக்குப் பஞ்சமில்லை. நிகிலேஷ்களைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

*

சுற்றுலாப் புறக்கணிப்பின் முழு வரலாற்றையும், அதன் மேன்மையையும் சிக்கலையும் சேர்த்து, ஒரே நாட்டில் பார்க்க வேண்டுமானால் பர்மாவைப் பார்க்க வேண்டும். 1989இல் இராணுவம் அந்நாட்டின் பெயரை மியான்மர் என்று மாற்றியது. அந்தப் பெயரை ஏற்பதா என்பதே புறக்கணிப்பாளர்களுக்கு ஓர் அரசியல் பிரச்சினையாக இருந்தது. தமிழர்களாகிய நமக்குத் தாத்தாக்கள் காலத்திலிருந்து பழகிய பெயர் என்பதால் பர்மா என்றே எழுதுகிறோம்.

1990 மே மாதத் தேர்தலில் ஆங் சான் சூகியின் ஜனநாயகத்துக்கான தேசிய லீக் ஐந்தில் நான்கு பங்கு இடங்களைப் பிடித்தது. அப்போது அவர் வீட்டுக்காவலில் இருந்தார். தளபதிகள் ஆட்சியை ஒப்படைக்கவில்லை. கஜானா காலியாக இருந்த நிலையில் அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று சுற்றுலா. 1996ஐ 'மியான்மருக்கு வருகை தரும் ஆண்டு' என்று அறிவித்து ஐந்து லட்சம் பேரை வரவழைப்பதாகத் திட்டமிட்டார்கள்.

ஐந்து லட்சம் பேர் வந்து பார்ப்பதற்கு ஊரை அழகாக்க வேண்டுமல்லவா? ஆயிரக்கணக்கான கோவில்கள் நிற்கும் பகானின் பழைய மதிலுக்குள் தலைமுறைகளாக வாழ்ந்த மக்களை 1990இலேயே சில கிலோமீட்டர் தள்ளிப் பொட்டலில் கொண்டுபோய் விட்டு, அதற்குப் புதிய பகான் என்று பெயரிட்டார்கள். திலகர் சிறையிருந்த ஊராக நாம் அறிந்த மாண்டலேயில், அரண்மனையைச் சுற்றிய அகழியைத் தூர்வாரக் கைதிகளையும் ஊர்மக்களையும் கூலியின்றி இறக்கினார்கள். பர்மாவில் கட்டாய உழைப்பு பரவலாகவும் திட்டமிட்டும் நடந்தது என்பதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் விசாரணைக் குழு 1998இல் பதிவுசெய்தது. வருகிற பயணி விமான நிலையத்திலேயே டாலர்களைக் கொடுத்து அரசு அச்சிட்ட சான்றுத்தாள்களை வாங்கியாக வேண்டும் என்பது 1990களின் விதி. ஒருகட்டத்தில் ஆளுக்கு 300 டாலர். வாசல்படியிலேயே அரசு தன் பங்கை எடுத்துக்கொண்டது. அவர் பிறகு எந்தக் குடிசைக் கடையில் தேநீர் அருந்தினாலும் சரி, தளபதிகளுக்குச் சேரவேண்டியது முன்கூட்டியே சேர்ந்துவிட்டது.

இந்தப் பின்புலத்தில்தான், 1995 ஜூலையில் விடுவிக்கப்பட்ட சூகி, இப்போது வரவேண்டாம் என்று உலகப் பயணிகளைக் கேட்டுக்கொண்டார். பர்மா எங்கும் போய்விடாது, பிறகு வரலாம் என்பதே அவர் சொன்னதன் சாரம். அவர் ஓர் உல்லாசப் பயணி அல்லர், அயல்நாட்டு அரசியல்வாதியும் அல்லர். அந்த மக்களின் வாக்குகளை 1990இல் வாங்கிய கட்சியின் தலைவர். சுற்றுலா வராவிட்டால் பட்டினி கிடக்கப்போகிறவர்கள் அவருக்கு வாக்களித்தவர்கள். விலையைக் கொடுக்கப்போகும் மக்கள், அவர்களுக்கு அப்போது கிடைத்த ஒரே பிரதிநிதியின் வாயிலாக, அந்த ஆயுதத்தை எடுக்கச் சொன்னார்கள். பிரிட்டனில் இருந்த ஒருவர் பர்மாப் பயணத்தைக் கைவிட்டபோது தன் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளவில்லை. ஒரு வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தார். இந்த வேறுபாட்டைக் காணாதவர்களோடு விவாதிப்பது வீண்.

அது வேலை செய்ததா? முழுமையாக இல்லை. 1996இன் ஐந்து லட்சம் என்ற இலக்கின் அருகில்கூட அவர்களால் வர முடியவில்லை. பேராசையோடு அறிவிக்கப்பட்ட ஆண்டு அவமானத்தில் முடிந்தது. ஆனால் தளபதிகள் வீழ்ந்துவிடவில்லை. தேக்கும் பச்சைக்கல்லும் இருந்தன. 1998 முதல் குழாய்வழியே தாய்லாந்துக்குப் போன இயற்கை எரிவாயு இருந்தது. மேற்கத்தியர் குறைந்த இடத்துக்கு ஆசியப் பயணிகள் வந்தார்கள். ஆட்சியைக் கவிழ்க்கும் வலிமை சுற்றுலாப் புறக்கணிப்புக்கு இருந்தது என்று சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள்.

அது சாதித்தது வேறொன்று. பர்மாவுக்குப் போக நினைத்த எவரும், போகலாமா என்ற கேள்வியைக் கடக்காமல் போக முடியாத நிலையை அது உருவாக்கியது. 2000ஆம் ஆண்டில் லோன்லி பிளானெட் பதிப்பகம் பர்மா வழிகாட்டி நூலை வெளியிட்டதற்காக, அப்பதிப்பகத்தின் நூல்களையே வாங்காதீர்கள் என்று பிரிட்டனில் இயக்கம் நடந்தது. ரஃப் கைட்ஸ் அந்நாட்டுக்கு நூலே வெளியிடவில்லை. வெளியிட்ட நூலும், போகலாமா கூடாதா என்ற விவாதத்தைத் தன் பக்கங்களில் சேர்க்க வேண்டியதாயிற்று. இந்த விடுதி யாருடையது, இந்த விமானம் யாருடையது, இந்தச் சாலையை யார் போட்டார்கள் என்று கேட்கும் பழக்கம் பயணிகளிடையே வந்தது. பயண இலக்கியம் என்ற பெயரில் சூரிய அஸ்தமனங்களை மட்டும் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு ஏற்பட்ட இந்தச் சங்கடத்தை ஒரு பண்பாட்டு வெற்றியாகவே நாங்கள் மதிப்பிடுகிறோம்.

*

எதிர்வாதம் இல்லையா? உண்டு. அதை வைத்தவர் தளபதிகளின் ஊதுகுழல் அல்லர் என்பதால் அதற்கு மதிப்பும் உண்டு. சூகியின் உதவியாளராக இருந்து, அதற்காகவே ஏறத்தாழ மூன்றாண்டுகள் இன்செயின் சிறையில் கிடந்த எழுத்தாளர் மா தானெகி, 1990களின் பிற்பகுதியில் புறக்கணிப்பையும் பொருளாதாரத் தடைகளையும் வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். நாட்டை மூடி வைப்பதால் வாடுவது சாதாரண மக்களே, வேலையும் வெளியுலகத் தொடர்பும்தான் மாற்றத்தைக் கொண்டுவரும் என்பது அவர் தரப்பு. அவரைத் துரோகி என்றவர்கள் உண்டு. நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம். விலை கொடுப்பவர்களுக்குள் நடக்கும் விவாதம் அது. அதில் இரண்டு பக்கத்துக்கும் பேச உரிமை இருந்தது. பக்கம் சாய உரிமையில்லாதவர்கள் வெளியாட்கள்தான். பெரும்பான்மையின் வாக்கைப் பெற்றவர் சொல்வதை மதிப்பது தவிர வெளியாட்களுக்கு வேறு அளவுகோல் இருக்கவில்லை.

இங்கே படகோட்டியின் வாதத்துக்கு வருவோம். பகானின் குதிரைவண்டிக்காரர், கோவில் வாசலில் மணல் ஓவியம் விற்பவர், அரக்குப் பாத்திரம் செய்பவர், இன்லே ஏரியில் காலால் துடுப்பு வலிப்பவர் ஆகியோரே புறக்கணிப்பின் முதல் அடியைத் தாங்கினார்கள் என்பதில் சந்தேகமில்லை. பெருவிடுதி தள்ளுபடி கொடுத்து வேறு நாட்டுக் கூட்டத்தைப் பிடிக்கும். குதிரைவண்டிக்காரருக்கு அந்த வசதி இல்லை. 2007 செப்டம்பரில் பிக்குகள் தெருவில் இறங்கிச் சுடப்பட்ட பிறகும், 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகும் வெளிநாட்டவர் வரவு சரிந்தபோது, அடுப்பு அணைந்தது அவர்கள் வீடுகளில்தான்.

ஆனால் இந்த உண்மையிலிருந்து, ஆகவே எப்போதும் போகலாம் என்ற முடிவுக்குத் தாவுவது பாசாங்கு. பழைய பகானிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பமும் ஏழைதான். அகழியில் சேறு அள்ளியவரும் ஏழைதான். குதிரைவண்டிக்காரரை மட்டும் ஏழையாகவும், சுற்றுலாவுக்காக நசுக்கப்பட்டவர்களைப் பின்னணிக் காட்சியாகவும் வைக்கும் மனிதாபிமானம், தன் விடுமுறைக்கு ஆள் சாட்சி தேடும் மனிதாபிமானமே. ஏழைகளுக்குள் யாருடைய நலன் முந்தியது என்று தீர்மானிக்கும் பொறுப்பை ஒரு பயணி எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? அதனால்தான் அழைப்பு உள்ளிருந்து வர வேண்டும் என்கிறோம்.

அழைத்தவரே அதைத் திரும்பப் பெறவும் முடிந்தது என்பது பர்மாப் புறக்கணிப்பின் இன்னொரு சிறப்பு. 2010 நவம்பரில் சூகி மீண்டும் விடுதலையானார். 2011 மே மாதம் அவர் கட்சி, கூட்டமாக அழைத்துவரப்படும் தொகுப்புச் சுற்றுலாவை ஏற்காமல், மக்கள் நலனில் அக்கறையுள்ள தனிப்பயணிகளை வரவேற்பதாக அறிவித்தது. 2012இல் வெளிநாட்டவர் எண்ணிக்கை முதன்முறையாகப் பத்து லட்சத்தைத் தாண்டியது. தொடக்கமும் கோரிக்கையும் முடிவும் அதற்கு இருந்தன.

இதோடு கதை முடிந்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். முடியவில்லை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் ரக்கைன் மாநிலத்திலிருந்து வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டார்கள். அப்போது சூகி ஆட்சியில் இருந்தார். 2019 டிசம்பரில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் தன் நாட்டுக்காக அவரே வாதாடினார். அதே ரக்கைனின் தென்பகுதியில் உள்ள இங்கபாலிக் கடற்கரையில் விடுதிகள் திறந்திருந்தன. ஒருகாலத்தில் வராதீர்கள் என்று சொன்ன வாய், இப்போது வாருங்கள் என்றது. யார் அழைப்பை ஏற்பது?

எங்கள் அளவுகோல் இங்கே உடைகிறது என்று சிலர் சொல்லக்கூடும். உடையவில்லை, கூர்மையடைகிறது. அழைக்கும் உரிமை சூகி என்ற தனிநபரின் சொத்தாக ஒருபோதும் இருந்ததில்லை. விலை கொடுத்தவர்களிடமிருந்து அவருக்கு இரவலாகக் கிடைத்தது அது. மறுபக்கம் போய் நின்றவுடன் இரவல் ரத்தாயிற்று. 2017இல் அந்த உரிமை குடியுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டுக் காக்ஸ் பஜார் முகாம்களில் அடைந்துகிடந்தவர்களிடம் இருந்தது. தலைவரின் புகழைப் பின்தொடர்ந்தவர்கள் அங்கே வழிதவறினார்கள். துன்பத்தைப் பின்தொடர்ந்தவர்களுக்கு வழி தெரிந்தே இருந்தது.

*

இப்போது மாலத்தீவைப் பார்ப்போம். 2024 ஜனவரித் தொடக்கத்தில் இந்தியப் பிரதமர் லட்சத்தீவுக்குச் சென்று படங்கள் வெளியிட்டார். மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் அவரைப் பற்றி இழிவாக எழுதினார்கள். அந்நாட்டு அரசு மூவரையும் பணியிலிருந்து இடைநீக்கம் செய்தது. ஒரு நாகரிக சமூகத்தில் விவகாரம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். இங்கே அப்போதுதான் தொடங்கியது. நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் லட்சத்தீவின் அழகை ஒரே நாளில் கண்டுபிடித்தார்கள். ஒரு பயண நிறுவனம் மாலத்தீவு விமான முன்பதிவுகளையே நிறுத்தியது.

கணக்கைப் பாருங்கள். 2023இல் மாலத்தீவுக்குச் சென்ற இந்தியர்கள் சுமார் 2,09,000 பேர். எந்த நாட்டவரைவிடவும் அதிகம். 2024இல் அது சுமார் 1,30,000 ஆகச் சரிந்தது. சரிவு உண்மையானது. அந்நாட்டுச் சுற்றுலா அமைச்சர், தயவுசெய்து வாருங்கள் என்று வெளிப்படையாகக் கேட்கும் நிலை 2024 மே மாதத்தில் ஏற்பட்டது. ஆனால் அதே 2024இல் மாலத்தீவின் மொத்தப் பயணிகள் எண்ணிக்கை குறையவில்லை. உயர்ந்து 20 லட்சத்தைத் தாண்டியது. முதலிடத்துக்குச் சீனர்கள் வந்தார்கள். இந்திய இராணுவத்தினர் வெளியேற வேண்டும் என்று அதிபர் முயிசு குறித்த கெடு மே 10. அதற்குள் அவர்கள் வெளியேறிவிட்டார்கள். 2024 அக்டோபரில் அவர் டெல்லிக்கு வந்தது கடன் சுமையாலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டாலும்தான். 2025 ஜூலையில், எந்தப் பிரதமரின் மானத்துக்காகப் புறக்கணிப்பு நடந்ததோ அதே பிரதமர், அந்நாட்டு விடுதலையின் 60ஆம் ஆண்டு விழாவுக்கு மாலே நகரில் விருந்தினராக நின்றார்.

அரசுகள் கைகுலுக்கிக்கொண்டன. இடைப்பட்ட காலத்தில் ரத்தான அறைகளின் இழப்பு யார் கணக்கில் எழுதப்பட்டது? ஒரு தீவு முழுவதையும் ஒரே விடுதியாக வைத்திருக்கும் பெருமுதலாளி, இந்தியர் இடத்தில் வேறு நாட்டவரை நிரப்பிக்கொள்வார். 2009க்குப் பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளில் சிறு விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி கிடைத்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் சாதாரணக் குடும்பங்களுக்குச் சுற்றுலாப் பணம் நேரடியாகக் கிடைக்கத் தொடங்கியது அதன் பிறகே. நான்கைந்து அறைகளை வைத்துக்கொண்டு கடனைக் கட்டுபவருக்கு ஒரு பருவம் என்பது நீண்ட காலம். விடுதிகளில் படுக்கை விரிப்பவர்களிலும் சமைப்பவர்களிலும் வங்கதேசத்தவரும் இலங்கையரும் இந்தியரும் ஏராளம். தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போகும் தோணிகளின் வாழ்க்கை, அங்கே அடுப்பு எரிவதைப் பொறுத்தது. தேசபக்தி முழக்கமிட்டவர்களுக்கு இவர்களில் ஒருவர் முகமும் தெரியாது.

மாலத்தீவுக்காரர் யாராவது நம்மை வராதே என்றார்களா? கோரிக்கை என்று எதையாவது முன்வைத்தோமா? எது நடந்தால் மீண்டும் போவோம் என்று சொன்னோமா? ஒன்றுமில்லை. மேயோவும் மாண்ட்கோமரியும் ஈட்டிக்கொடுத்த பெயரை, மனம் புண்பட்ட ஒரு வாடிக்கையாளரின் சிணுங்கலுக்குச் சூட்டினோம். துருக்கி விவகாரம் இதைவிட அபத்தம். ஆண்டுக்கு ஐந்து கோடிக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வரும் நாடு அது. 2024இல் அவர்களில் இந்தியர் சுமார் 3,30,000. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அங்காராவின் வெளியுறவுக் கொள்கை இதனால் மாறும் என்று நம்புவதற்குக் கணிதத்தையும் கைவிட வேண்டும்.

*

அயலாரைக் கடிந்துவிட்டு நம் வீட்டுக்கு வராமல் போவது நேர்மையல்ல. இலங்கைக்குப் போகாதே என்ற குரல் 2009க்குப் பிறகு தமிழகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் ஓங்கி ஒலித்தது. 2010 ஜூனில் கொழும்பில் நடந்த இந்தியத் திரைப்பட விருது விழாவைத் தமிழ்த் திரையுலகம் எதிர்த்தது. அந்தக் குரலுக்கு வலுவான நியாயங்கள் இருந்தன. பல்லாயிரம் பேர் கொல்லப்பட்ட மண், ஈரம் காயுமுன் சுற்றுலாத் தலமாக்கப்பட்டது. புதுக்குடியிருப்பில் பிரபாகரனின் நிலவறையை, 2013இல் தகர்க்கப்படும்வரை, தெற்கிலிருந்து வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வலிகாமம் வடக்கில் மக்களின் நிலம் உயர்பாதுகாப்பு வலயமாக இருக்கையிலேயே, காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் 'தல்செவன' என்ற விடுதியை நடத்தியது. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் முகாம்களில் இருந்தார்கள். 2013ஆம் ஆண்டில் பார்க்கவேண்டிய நாடுகளில் முதலாவது என்று லோன்லி பிளானெட் இலங்கையைத் தேர்ந்தெடுத்தது.

இங்கே புறக்கணிக்கக் காரணம் இருந்தது என்பதை மறுப்பவன் மனசாட்சியை அடகு வைத்தவன். ஆனால் எங்கள் கேள்வி இங்கும் அதேதான். வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தவர்களிடம் யாராவது கேட்டார்களா? வாய்திறக்க அஞ்சிய ஆண்டுகள் அவை என்பது உண்மை. அதற்காக அவர்கள் வாயைச் சென்னையிலிருந்து நாம் அசைத்துவிட முடியாது. நம் குரலில் எந்த வேறுபாடும் இல்லை. இராணுவத்தின் விடுதியும் யாழ்ப்பாணத்து விதவை வாடகைக்கு விடும் அறையும் அந்தக் குரலுக்கு ஒன்றாகவே இருந்தன. 2012 செப்டம்பரில் பூண்டி மாதா கோவிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்த இலங்கை யாத்திரிகர்களைத் தமிழ்நாட்டில் விரட்டினோம். அவர்கள் வந்த பேருந்துகள் தாக்கப்பட்டன. ராஜபக்சேவுக்குக் காட்டவேண்டிய கோபத்தை ஜெபமாலை உருட்ட வந்தவர்களிடம் காட்டினோம். அவர்களைவிட எளிய இலக்கு நமக்குக் கிடைத்திருக்காது.

இன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் போகிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிய சேவை. கப்பலை விட்டு இறங்குகிறவர் கால் வைப்பது அந்த நிலத்தில்தான். போகலாமா என்று எங்களிடம் சில நண்பர்கள் கேட்கிறார்கள். எங்களைக் கேட்காதீர்கள் என்பதே எங்கள் பதில். அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். தங்குமிடம் யார் நிலத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். வாடகை யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள். அவர்கள் வரச் சொன்னால், சொன்ன இடத்தில் தங்குங்கள், சொன்ன கடையில் சாப்பிடுங்கள், படைமுகாமின் விடுதியை விலக்குங்கள். அவர்கள் வரவேண்டாம் என்றால், எவ்வளவு நாள் கனவு கண்ட பயணமானாலும் கைவிடுங்கள்.

பயணம் செய்யும் உரிமையைப் பற்றி நம்மில் அநேகர் எழுதுகிறோம். விருந்தாளிக்கு வாசலில் உரிமை எதுவும் இல்லை என்பதைத் திண்ணை வைத்துக் கட்டிய நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். உள்ளே வா என்பதையும் இப்போது வேண்டாம் என்பதையும் வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். தெருவில் நிற்பவர் அந்த வீட்டின் சார்பில் கதவைச் சாத்துவதை எங்களால் ஏற்க முடியாது. வீட்டுக்காரர் சாத்திய கதவை, உள்ளே இருக்கும் ஏழைக்காக என்று சொல்லித் தள்ளித் திறப்பதையும் ஏற்க முடியாது. அடுத்த பட்டியல் விரைவில் வரும். அதில் உள்ள நாட்டின் பெயரைப் படிக்குமுன், அதை எழுதியவர் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார் என்று பாருங்கள்.